அம்சவல்லி டீச்சரும் களிமண் தொட்டியும்

“சம்மணம் போட்டு உக்கார்றியா, கால நீட்டிக்கிட்டு உக்கார்றியா?”

கேட்கப்பட்டவனுக்கு மூன்று வயது. அதுவரை ‘உக்கார மாட்டேன்’ என்று கட்டடம் அதிரக் கத்திக்கொண்டிருந்தவன். இப்போது அழுகையை நிறுத்திவிட்டு யோசிக்கிறான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நன்றாக யோசித்து, காலை நீட்டி உட்கார்ந்தான். ஏதோ பெரிய வழக்கில் ஜெயித்துவிட்டவன் மாதிரி ஒரு பார்வை வேறு. அம்சவல்லி டீச்சர் அதற்குள் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். “முட்டைய நீயே உரிக்கிறியா, நான் பாதி உரிச்சித் தரட்டுமா?”

உட்காருவதா வேண்டாமா, தின்பதா வேண்டாமா என்பதெல்லாம் டீச்சரின் கேள்விக்குள் வராது. எப்படி என்பதுதான் கேள்வி. அதில் பிள்ளை ராஜா.

இந்தப் பழக்கம் பிள்ளைகளோடு நின்றால் பரவாயில்லை. நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அங்கன்வாடிகளுக்குச் சத்துமாவு மூட்டை கொண்டுபோவேன். வாசலில் போட்டுவிட்டுக் கிளம்புவதுதான் என் வழக்கம். பிள்ளைகள் கூட்டமாக இருக்கிற இடம் எனக்கு ஆகாது. இங்கே முதல் நாளே டீச்சர் கேட்டார்: “அண்ணே, மூட்டைய உள்ள வச்சிட்டு டீ குடிக்கிறீங்களா, டீ குடிச்சிட்டு உள்ள வைக்கிறீங்களா?” டீ குடித்துவிட்டு வைக்கிறேன் என்று சொல்லி, அப்படியே செய்துவிட்டு, பாலக்கரை தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஃபேன் ரிப்பேர் பார்க்க வந்தவரும் இப்படித்தான் மாட்டினார். ஒரு ஃபேனுக்கு வந்தவர் இரண்டு ஃபேனையும் சமையலறை சுவிட்சையும் சரிசெய்துவிட்டுப் போனார்.

டீச்சரின் வீட்டுக்காரர் டீக்கடையில் சொன்னது இது: “வேண்டாம்னு ஒரு வார்த்த இருக்குறதே எனக்கு மறந்துபோச்சிங்க. சட்டினி தேங்காயா தக்காளியான்னுதான் கேப்பா. நான் சோறு திங்கலாம்னு நெனச்சிக்கிட்டு வந்திருப்பேன்.”

இந்த அங்கன்வாடி மையம் இருப்பது பொம்மைப் பட்டறைகளுக்குப் பின்னால் உள்ள தெருவில். சன்னல் கட்டையில் விரலை வைத்தால் வெள்ளையாக வரும். அவ்வளவு மண்தூசி. ஒரு பெரிய அறை, ஒரு சமையலறை, வெளியே ஒரு குழாய். பிள்ளைகளின் அம்மாக்கள் பெரும்பாலும் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள்.

டீச்சருக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல். கொஞ்சம் பருமன். புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, நாள் முழுக்கக் குந்திக்கொண்டோ முட்டி போட்டுக்கொண்டோதான் நகர்வார். பிள்ளையின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் அவர் கண். நான் அவரை முழு உயரத்தில் பார்த்தது ஒருமுறை பஸ் ஸ்டாண்டில்தான். அடையாளம் தெரியாமல், யாரோ என்று தாண்டிப் போய்விட்டேன். நடையும் மூன்று வயதுப் பிள்ளையின் நடைதான். கடைத்தெருவில் அவர் பின்னால் மாட்டுகிற வண்டிக்காரன் ஹாரன் அடித்தே பேட்டரியைத் தீர்த்துவிடுவான். அவர் கைப்பை நிறையப் பிள்ளைகள் விளையாடுவதற்கு என்று பொறுக்கிய சாமான்கள்: துணி மாட்டும் கிளிப்பு, புளியங்கொட்டை, சோடா மூடி, அறுந்துபோன ஜிப்பு. பஸ்ஸில் சில்லறை எடுக்கக் கையை விட்டால் முதலில் கிளிப்பு வரும். கண்டக்டருக்கும் பழகிவிட்டது.

அறையின் மூலையில் பாதியாக அறுத்த நீல டிரம் ஒன்று இருக்கிறது. அதுதான் களிமண் தொட்டி. ஈரத்துணி போட்டு மூடியிருக்கும். மண், கொளஞ்சிநாதன் என்பவரின் பொம்மைப் பட்டறையில் மிஞ்சியது. பிள்ளைகள் அதை எடுத்துப் பிசைந்து, உருட்டி, கிள்ளி, ஏதேதோ செய்வார்கள். வீட்டுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் நசுக்கித் தொட்டியில் போட்டுவிட வேண்டும். “நாளைக்கி வேற ஒண்ணு வேணுமில்ல?” என்பார் டீச்சர். பிள்ளைகளுக்குச் செய்வதைவிட நசுக்குவதில்தான் குஷி.

ஆயா வீராயிக்கு மட்டும் இது பிடிக்காது. “சத்துமாவு உருண்ட எது, களிமண் உருண்ட எதுன்னு எனக்கே தெரியல. நேத்து ஒண்ணு மாத்தி வாய்ல போட்டுக்கிச்சி. துப்புச்சான்னு பாத்தா, இன்னும் கொஞ்சம் வெல்லம் போடுங்குது!”

ஒரு பிள்ளை எதையாவது செய்து கொண்டுவந்து காட்டினால் டீச்சர் ‘நல்லாருக்கு’ என்று சொல்ல மாட்டார். “இது எங்க போயிக்கிட்டு இருக்குது?” என்று கேட்பார். நான் பார்த்த அன்றைக்குத் தென்றல் என்கிற நான்கு வயதுப் பெண் ஒன்றைக் கொண்டுவந்தாள். எட்டுக் கால் இருந்தது. பூச்சியோ நண்டோ என்று நினைத்தேன்.

“பஸ்ஸு. கருவேப்பிலங்குறிச்சி போவுது.”

“அப்படியா? எதுக்கு இத்தன காலு?”

“கூட்டம் அதிகம். அதான். பாவம், காலு வலிக்குது அதுக்கு.”

எனக்கு வண்டி ஓட்டிப் பழகிய முதுகு. அந்தப் பஸ்ஸின் கஷ்டம் எனக்குப் புரிந்தது.

தென்றலின் அப்பாதான் களிமண் தருகிற கொளஞ்சிநாதன். அம்மா கயல்விழி பட்டறையில் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. கயல்விழிக்கு ஒரு குறை. மங்கலம்பேட்டையில் இருக்கிற நாத்தனார் மகன் ஏ முதல் இசட் வரை எழுதுகிறானாம். எழுதுவதை வீடியோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறாள் நாத்தனார். “அவனுக்கும் இவளுக்கும் ஒரே வயசு டீச்சர். இவ இன்னும் ஒரு ‘அ’ போட மாட்டங்கறா. நான் எத அனுப்பறது, எட்டுக் காலு பஸ்ஸையா?”

“வெரலுக்கு இன்னும் பலம் வரல கயலு. மண்ணு பெசஞ்சா தானா வரும். பென்சிலு எங்க ஓடிறப் போவுது?”

“பென்சிலு ஓடாது. எம் மானம் ஓடுது.”

ஜூன் மாதம் தென்றலை வேன் வருகிற இங்கிலீஷ் நர்சரியில் போடப்போவதாகக் கயல்விழி சொல்லிவிட்டாள். அவள் போனால் பட்டறைப் பெண்கள் எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவார்கள். பிள்ளைகள் குறைந்தால், ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மையத்தோடு இதைச் சேர்த்துவிடுவார்கள். மிச்சம் இருக்கும் பிள்ளைகள் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும். இதை வீராயிதான் என்னிடம் சொன்னார். அன்றைக்கு டீச்சர் டீ முன்னாலா பின்னாலா என்று கேட்கவே இல்லை. “அங்க வச்சிருங்கண்ணே” என்றார். மூட்டை அதுவரை அவ்வளவு கனத்ததில்லை.

கொளஞ்சிநாதன் நல்ல மனிதர். பெண் பக்கத்துத் தெருவிலேயே இருக்கட்டும் என்று ஆசை. அவர் தம் புத்திக்கு எட்டியதைச் செய்தார். ஒரு நாள் பிள்ளைகள் செய்ததை நசுக்கும் முன்னாலேயே வந்து, “இதெல்லாம் எனக்கு வேணும் டீச்சர்” என்று தட்டில் அள்ளிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை அம்மாக்கள் கூடியபோது அதே தட்டோடு வந்தார். துணியை விலக்கினால், எல்லாம் சூளையில் சுட்டு, வர்ணம் அடித்து, பளபளவென்று இருக்கிறது! கோணல் யானைக்குத் தும்பிக்கை நிமிர்ந்திருந்தது. மூக்கில்லாத ஆளுக்கு மூக்கு வந்திருந்தது. தென்றல் அன்றும் செய்திருந்த எட்டுக்கால் பஸ்ஸுக்குக் கால் எல்லாம் போய் நான்கு சக்கரம், சிவப்பு வர்ணம்.

“எம் பொண்ணு செஞ்சதா இது?” என்று கயல்விழி வாயைப் பிளந்தாள்.

“நான் சும்மா கொஞ்சம் கை வச்சேன்” என்றார் கொளஞ்சிநாதன்.

ஆளாளுக்குப் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். கயல்விழி படத்தை அங்கேயே மங்கலம்பேட்டைக்கு அனுப்பினாள். “மாசம் ஒண்ணு இப்புடி வந்தாப் போதும் டீச்சர். இவ இங்கியே இருக்கட்டும்” என்றாள். அந்தச் சத்தத்தில் தென்றல் சொன்னது டீச்சருக்கு மட்டும்தான் கேட்டது; பிறகு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். “இது எம் பஸ்ஸு இல்ல. இதுக்குக் காலு வலிக்காது.”

மையம் பிழைத்துவிட்டது என்று நான்கூட நினைத்தேன். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் தொட்டியைச் சுற்றி வழக்கமான கூட்டம் இல்லை. டீச்சர் மண்ணை எடுத்துக் கொடுத்தால் தென்றல் கையைக் கட்டிக்கொண்டு, “அப்பா செய்வாரு” என்கிறாள். ஒரு பையன் உருண்டை பிடித்து, அது சரியான உருண்டையாக வரவில்லை என்று உதைத்துக்கொண்டு அழுகிறான். இன்னொருத்தி எதையோ செய்து மடிக்குள் வைத்துக்கொண்டு, தொட்டியில் போட மாட்டேன், சூளைக்குத்தான் போக வேண்டும் என்கிறாள். வீராயிக்கு மட்டும் கை கழுவிவிடும் வேலை மிச்சம். ஆனால் அவருக்கும் முகம் சரியில்லை. “சிரிப்புச் சத்தமே இல்லாம இருக்குது யம்மா. ஏதோ ஆபீசு மாதிரி.”

டீச்சர் அன்று மாலை நேராகப் பட்டறைக்குப் போனார். பொம்மை மூட்டைகளை ஏற்ற நானும் வண்டியோடு அங்கேதான் இருந்தேன்.

“அண்ணே, இனிமே சுட வேணாம். தொடவும் வேணாம்” என்றார் கொளஞ்சிநாதனிடம்.

“ஏன் டீச்சர்? நல்லாத்தான இருந்துது?”

“நல்லா இருந்துது. அது நீங்க செஞ்சது. இப்ப அதுங்களுக்குத் தன் கையப் புடிக்கல.”

கயல்விழி அச்சுகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தாள். கோபம். “அப்ப பழையபடி நசுக்கற வேலதானா? சரி. புதன்கிழம காலையில ஸ்கூல்காரங்கள வூட்டுக்கு வரச் சொல்லிடறேன். பேசி முடிச்சிடலாம்.”

டீச்சருக்கு முகம் வெளுத்துப்போயிற்று. போவதற்குத் திரும்பியவர் நின்றார். “புதன்கிழம மையத்துக்கு நீ மட்டும் வரியா கயலு, பட்டறைப் பொண்ணுங்களையும் கூட்டியாரியா?”

“எல்லாரும்தான் வருவோம்” என்றாள் கயல்விழி வெடுக்கென்று. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “எதுக்கு?”

“மண்ணு பெசைய” என்று சொல்லிவிட்டு டீச்சர் நடந்தார்.

புதன்கிழமை எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ஆனாலும் போய், கதவோரம் நின்றேன். பெண்கள் பிள்ளைகளோடு பிள்ளைகளாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு உருண்டை மண். நடுவில் கிண்ணத்தில் தண்ணீர், தொட்டுத் தொட்டு ஒட்ட.

“என்னா செய்யணும் டீச்சர்?”

“எது வேணா.”

ஒருவரும் அசையவில்லை. கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி, பிரித்தெடுத்து, ஓரம் சீவி, தினமும் நூற்றுக்கணக்கில் கிருஷ்ணனும் யானையும் எடுக்கிற கைகள் அவை. அந்தக் கைகள் இப்போது மடியில் கிடந்தன.

“அச்சு எங்க?” என்று ஒருத்தி கேட்டாள்.

“அச்சு இல்ல.”

“அச்சு இல்லாம எப்புடி டீச்சர்?”

கயல்விழி மண்ணைத் தட்டினாள், உருட்டினாள், மறுபடி தட்டினாள். “யான செய்யலாம்னா, காது எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலியே!”

“நாளெல்லாம் யானைக்குத்தானடி ஓரம் சீவுற!” என்றாள் பக்கத்தில் இருந்தவள். சிரிப்பு ஒரு சுற்று சுற்றி வந்தது. கயல்விழிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மண் மண்ணாகவே இருந்தது.

தென்றல் கையைக் கட்டிக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் பக்கத்தில் வந்து குந்தினாள்.

“என்னாம்மா செய்யற?”

“தெரியலடி.”

“மொதல்ல அது எங்க போவுதுன்னு சொல்லு.”

கயல்விழி கையிலிருந்ததைப் பார்த்தாள். நான்கு பக்கமும் கட்டைவிரல் பதிந்திருந்தது. “மாடுன்னு வச்சிக்க. மங்கலம்பேட்ட போவுது.”

“யாரு வூட்டுக்கு?”

“உங்க அத்த வூட்டுக்குத்தான்.”

“எதுக்கு?”

கயல்விழி கொஞ்சம் யோசித்தாள். “சண்ட போட.”

அறையே குலுங்கியது. வீராயி கரண்டியோடு சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தார். தென்றல் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு இது தீவிரமான விஷயம். “சண்ட போடறதுன்னா வாலு வேணும். நல்லா பெரிய வாலு. கொம்பு நான் செஞ்சித் தரேன்” என்று சொல்லி, அம்மாவின் உருண்டையிலிருந்தே ஒரு துண்டைப் பிய்த்து உருட்ட ஆரம்பித்தாள். உதைத்து அழுத பையன் நகர்ந்து வந்து பார்த்தான். பிறகு தன் மண்ணை எடுத்துக்கொண்டான்.

அம்மாவும் பெண்ணும் குனிந்த தலை நிமிரவில்லை. கொளஞ்சிநாதன் வாசலில் வந்து நின்றபோதும் நிமிரவில்லை.

“கயலு, ஸ்கூல்காரங்க வந்து வூட்ல உக்காந்திருக்காங்க.”

“டீ போட்டுக் குடுங்க.”

“குடுத்துட்டேன். என்னா பதில் சொல்றது?”

“வர வருஷம் பாத்துக்கலாம்னு சொல்லுங்க.”

“நீயே வந்து சொல்லு புள்ள.”

“கையெல்லாம் மண்ணு. நீங்களே சொல்லுங்க. இந்த வாலு வேற ஒட்ட மாட்டங்குது, விழுந்து விழுந்து போவுது.”

“தள்ளு, நான் ஒட்டறேன்” என்று அவர் குனிந்தார். அம்மாவும் பெண்ணும் சேர்ந்து அவர் கையில் ஒரு அடி வைத்தார்கள்.

வால் மறுபடி விழுந்தது. பக்கத்தில் முட்டி போட்டிருந்த அம்சவல்லி டீச்சரின் கை அதை எடுக்கப் பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது. பிறகு பக்கவாட்டில் நகர்ந்து, தண்ணீர்க் கிண்ணத்தைக் கயல்விழி பக்கம் ஒரு விரற்கடை தள்ளி வைத்தது.