ஏழு இருக்கைக்கு ஒரு வேட்டி

காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் என் மகள் தாரிணி ஒரு கேள்வி கேட்பாள். "சாந்த்யூர்?" பிரெஞ்சில் சீட் பெல்ட்டுக்கு அதுதான் பெயர். ஓட்டுகிற என் கணவர் "ஆச்சு" என்பார். நானும் "ஆச்சு" என்பேன். அவள் தன்னுடையதை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு "போலாம்" என்று உத்தரவு கொடுப்பாள். பாரிசுக்கு வெளியே ரயிலில் ஒரு மணி நேரம் போனால் வரும் சிற்றூரில் எங்கள் ஒவ்வொரு நாளும் இப்படித்தான் தொடங்குகிறது. பள்ளியில் பழக்கிவிட்டது. மூன்று பேருக்கு இத்தனை சடங்கு. வண்டியோ ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி, இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஓட ஆரம்பித்தது. முன்னால் நாங்கள் இருவர். நடுவரிசையில் தாரிணி, அவளுக்குப் பக்கத்தில் இரண்டு காலி இடம். பின்வரிசையில் இன்னும் இரண்டு. கண்ணாடியில் ஒட்டியிருக்கும், புகை அளவைச் சொல்லும் வட்டச் சீட்டின் நிறத்தைப் பார்த்தால், புகை விடும் கிழட்டு டீசல் என்று நகரத்துக்குள் விடமாட்டார்கள். அதனால் பள்ளி, கடை, விமான நிலையம் என்று வெளிவட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

பக்கத்து வீட்டு மதாம் ஒதேத், மூன்று பேருக்கு எதற்கு ஏழு இருக்கை என்று ஒருமுறை கேட்டார். ஊரிலிருந்து எங்கள் ஆட்கள் வருவார்கள் என்றேன். எப்போது என்றார். வண்டி வாங்கி ஐந்து வருடம் ஆகியும் யாரும் வந்திருக்கவில்லை. நான் மழையைப் பற்றிப் பேசினேன். பதில் தெரியாத இடத்தில் இங்கே எல்லாரும் செய்வது அதைத்தான். சென்ற வருடம், தாரிணிக்குக் காது குத்த ஊருக்குப் போகிறோம் என்று சொன்னபோதும் அவருக்குக் குழப்பம்தான். கடைவீதியில் நகைக்கடைக்காரர்களே ஒரு நிமிடத்தில் குத்திவிடுவார்களே என்றார். இல்லை, என் அண்ணன் வேண்டும் என்றேன். "உங்கள் அண்ணன் மருத்துவரா?" என்றார். இல்லை, லாரி ஓட்டுகிறார் என்றேன். மதாம் ஒதேத் என் மகளைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு கவலை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும், ஊசி பிடிப்பவர் ஆசாரி என்பதையெல்லாம் என்னிடம் இருந்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு விளக்க முடியவில்லை.

அப்போது தாரிணிக்கு ஏழு வயது முடியப் போகிற நேரம். எங்களில் ஒற்றைப்படை வயதில்தான் குத்துவது. ஒன்று, மூன்று, ஐந்து எல்லாம் வேலையிலும் விசாவிலும் போய்விட்டன. இந்த முறையும் விட்டால் இனி எப்போது எல்லாரும் ஒரே இடத்தில் சேரப்போகிறோம் என்பது தெரியாது. என் கணவர் வேலை செய்யும் உணவகத்தில் அந்த மாதம் லீவு கிடைக்கவில்லை. நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று எங்கள் இருவரையும் அனுப்பிவைத்தார். காது குத்தப்போவது அவருடைய குலதெய்வத்தின் கோயிலில். ஆனால் அவர்தான் வரவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

அரிமளத்தில் அண்ணன் வீட்டு வாசலில் நிற்பதும் ஏழு பேர் உட்காரும் டீசல் வேன்தான், எங்கள் வண்டியின் வயதுதான் அதற்கும். அங்கே அதை யாரும் கிழடு என்று சொல்வதில்லை. எஃப்.சி. புதுப்பித்தாகிவிட்டது, எஞ்சின் கல்லு மாதிரி இருக்கிறது என்பார் அண்ணன். தெருவில் யாருக்குப் பிரசவம் என்றாலும் அதுதான் போகும். கல்யாணமாகி மறுவீட்டுக்கு நான் போனதும் அதில்தான். அந்த ஒரு வாரம் மட்டும் எனக்கு முன்சீட்டு கிடைத்தது. முன்சீட்டு மரியாதைச் சீட்டு. புதுமாப்பிள்ளைக்கும் சம்பந்திக்கும் உரியது. அதற்கு முன் பதினைந்து வயது முதல் நான் உட்கார்ந்து போனதெல்லாம் பின்னால், அண்டாவுக்கும் விறகுக்கட்டுக்கும் நடுவில்.

காது குத்து அன்று காலை அந்த வேனில் பதினான்கு பேர் ஏற வேண்டியிருந்தது. நார்த்தாமலைக்கு அப்பால் ஓர் அய்யனார் கோயில், பத்தரைக்குள் நல்ல நேரம். பேத்தியைத் தானே அழைத்துப் போக வேண்டும் என்று கீரனூரிலிருந்து முதல் நாளே பஸ் ஏறி வந்திருந்த என் மாமனார் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். முறை தவறினால் முகம் கொடுத்துப் பேசாத மனிதர். மடியில் சீர்த்தட்டோடு அண்ணி நடுவரிசையில். பொங்கல் பானை, வாழைத்தார், பெரியம்மா, சித்தப்பா எல்லாம் பின்னால். தாரிணிக்கு ஜன்னலோரம் ஓர் இடம் விட்டிருந்தார்கள். அவள் கீழேயே நின்றாள்.

"சாந்த்யூர் இல்ல. நான் வர மாட்டேன்."

சீட் கவர் தைத்தபோது பெல்ட் எல்லாம் அதற்குள்ளேயே போய்விட்டது. டிரைவர் சீட்டை விட்டால் இருப்பது முன்சீட்டில் மட்டும். அதன் மேல் மாமனார் உட்கார்ந்திருந்தார். ஒருத்தி மடியில் உட்காரச் சொன்னாள், ஒருவர் மிட்டாய் காட்டினார். தாரிணி அழவில்லை, கத்தவில்லை. நின்றாள், அவ்வளவுதான். எனக்கு இரண்டு பக்கமும் வெட்கமாக இருந்தது. வெளிநாட்டுப் பிள்ளையை இப்படி வளர்த்து வைத்திருக்கிறாள் என்று இவர்கள் நினைப்பார்கள். பெல்ட் இல்லாத வண்டியில் ஏறு என்று அதட்டினால், நாளைக்கு இவள் என்னை என்ன நினைப்பாள்? நேரம் போய்க்கொண்டிருந்தது.

மாமனார் கதவைத் திறந்தார். "நான் பின்னால போயி உக்காந்துக்கிறேன். எம் பேத்திக்கு இல்லாத சீட்டா."

"வேணாங்க," என்றார் அண்ணன். "அங்க ஒங்க பங்காளிகள்லாம் நிப்பாங்க. சம்பந்திய அண்டாவோட அடைச்சுக் கூட்டியாந்தான்னு என்னையத்தான் பேசுவாங்க."

"பிடிவாதம் இல்லண்ணே," என்றேன் நான். "அவளுக்கு அப்படித்தான் பழக்கம்."

"பழக்கம்னா தப்பா ஆத்தா? பெல்ட்டுதான வேணும். அந்தத் தட்ட இங்கிட்டுக் குடு."

சீர்த்தட்டில் என் கணவருக்காக எடுத்த எட்டு முழ வேட்டி இருந்தது. அண்ணன் அதை உதறிப் பிரித்தார். சபையில் வைக்காத சீரைப் பிரிக்கலாமா என்று அண்ணி பதறினார். "மச்சானுக்கு எடுத்த வேட்டிதான? அவரு வரல. அவரு புள்ளையத்தான கட்டுது," என்றபடி தாரிணியைத் தூக்கி உட்காரவைத்து, இருக்கையின் முதுகோடு சேர்த்து மார்பிலும் இடுப்பிலுமாகச் சுற்றி, லாரிக்குத் தார்ப்பாய் கட்டும் முடிச்சைப் போட்டார். அந்தக் கட்டு ஒரு விபத்தில் யாரையும் காப்பாற்றாது என்று எனக்குத் தெரியும். பயமாகவே இருந்தது. 

தாரிணி முடிச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு, "மாமா, ஒங்களுக்கு?" என்றாள். திருச்சி ரோட்டில் போலீஸ் நிற்கும் இடத்தில் மட்டும் மேலே இழுத்துப் போட்டுக்கொள்ளும் பெல்ட்டை அண்ணன் அரிமளத்திலேயே மாட்டி, "ஆச்சு" என்றார். "தாத்தா?" மாமனார் நெளிந்து தனக்கு அடியிலிருந்து பெல்ட்டை உருவினார். அவருக்கு அதை மாட்டத் தெரியாததால் அண்ணன் உதவ வேண்டியிருந்தது. அவரும் "ஆச்சு" என்றார். அவள் கழுத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். கட்டாத பெல்ட்டுக்கு மிச்சமிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் "ஆச்சு" என்றோம். "போலாம்," என்றாள்.

கோயில் பாதை பிரியும் இடத்தில் அண்ணன் எங்களை எல்லாம் இறக்கிவிட்டார். மாமனாரும் நாங்களும் கோயிலுக்கு நடந்து, அங்கே காத்திருந்த பங்காளிகளோடு சேர்ந்து வரிசையாக நின்றோம். தாய்மாமன் ஓட்டுநராக வந்து இறங்கக் கூடாது. சீரோடு வர வேண்டும், வரவேற்கப்பட வேண்டும். அதனால் அவரும் அண்ணியும் வேனை மரத்தடியில் விட்டுவிட்டு, தட்டுகளை ஏந்தி, மேளக்காரர் முன்னால் போக நடந்து வந்தார்கள். வேட்டி மறுபடி மடிக்கப்பட்டுத் தட்டில் புதிது போல இருந்தது. ஒரு மணி நேரம் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த மாமனார் சந்தனம் கொடுத்து, "வாங்க, வாங்க. பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்று கேட்டார். "சௌகரியமா வந்தோங்க," என்றார் அண்ணன். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பே இல்லை.

"தாத்தாவுக்கு மறந்துடுச்சா?" என்று என் காதில் கேட்டாள் தாரிணி.

"அப்ப மாமா டிரைவரா வந்தாங்க. இப்பத்தான் மாமாவா வர்றாங்க," என்றேன். அவள் அதை ஒத்துக்கொண்ட மாதிரிதான் தெரிந்தது.

தட்டுகளைச் சபையில் வைத்தாயிற்று. அண்ணன் மணையில் உட்கார்ந்தார், தாரிணி அவர் மடியில். ஆசாரி கம்பியை எடுத்ததும் அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கையை விலக்கினால் மறுபடி பொத்தினாள். பத்தரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் தட்டைப் பார்த்து மெதுவாக, "சாந்த்யூர்," என்றாள். என்ன கேட்கிறாள் என்பது வேனில் வந்தவர்களுக்கு மட்டும் தெரியும். அண்ணன் தட்டைப் பார்த்தார், பிறகு என்னை. சபையில் வைத்த சீர் இனி மாப்பிள்ளை வீட்டுச் சொத்து. வைத்தவர் கை அதில் படக் கூடாது. அவர் தங்கை என்பதால் நானும் எடுக்க முடியாது. பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாமனார் எழுந்தார். நேராகப் போய் மகனுக்கு வைத்த வேட்டியை எடுத்து உதறினார். "செத்த இருங்க ஆசாரி," என்று சொல்லி, தாய்மாமனையும் மடியில் இருந்தவளையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டார். அண்ணன் போட்டது போன்ற முடிச்சல்ல, வைக்கோல் கட்டு முடிச்சு.

"ஆச்சா?" என்றார்.

அவள் இழுத்துப் பார்த்தாள். "ஆச்சு," என்று கையை எடுத்தாள்.

வலது காதுக்கு அழவில்லை. இடது காதுக்கு அழுதாள், மாமன் மார்பில் குத்தினாள். வேட்டி பிடித்திருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. காது குத்தும் இடத்தில் தாய் அழுவது வழக்கம்தான் என்பதால் யாரும் காரணம் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து விமான நிலையத்தில் என் கணவர் எங்களுக்காகக் காத்திருந்தார். மகளின் தோட்டைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வண்டி நிறுத்துமிடத்தில் மழை. வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். சந்தனமும் மஞ்சளும் பட்டு, முடிச்சுப் போட்ட இடம் எல்லாம் கசங்கிப் போயிருந்தது. அவர் அதை முகத்தருகே கொண்டுபோய்விட்டு, வேறு எங்கே வைப்பது என்று தெரியாமல் மகளிடமே கொடுத்தார்.

கதவுகளைச் சாத்தி எஞ்சினைப் போட்டாயிற்று. "சாந்த்யூர்?" என்று சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தோம். தாரிணி பின்வரிசையில் இருந்தாள். காலியாக இருந்த இரண்டு இருக்கைகளையும் சேர்த்து வேட்டியைச் சுற்றி, தனக்குத் தெரிந்த முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தன் இடத்துக்கு வந்து பெல்ட்டை மாட்டினாள்.

"சாந்த்யூர்?"

"ஆச்சு," என்றார் அவர். "ஆச்சு," என்றேன் நான்.

அவள் பின்பக்கம் திரும்பிக் காத்திருந்தாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குரலைக் கனமாக்கிக்கொண்டு அவளே "ஆச்சு" என்றாள், இன்னும் கனமாக்கி இன்னொரு "ஆச்சு". முன்பக்கம் திரும்பி, "போலாம்ப்பா," என்றாள்.