சேட்டு அண்ணனும் கொண்டமுச்சின் வயிறும்

திருத்தணியில் மலைப்படி தொடங்கும் இடத்தில் இடது கைப் பக்கம் என் தேங்காய் பழக்கடை. அதை ஒட்டிச் செருப்பு பார்த்துக்கொள்ளும் கொட்டகை. அதில் உட்கார்ந்திருப்பவர்தான் சேட்டு அண்ணன். பெயரைக் கேட்டதும் வடநாட்டுக்காரரா என்று வெளியூர்க்காரர்கள் விசாரிப்பார்கள். எங்கள் பக்கத்தில் அது சாதாரணத் தமிழ்ப் பெயர், தெருவுக்கு ஒரு சேட்டு உண்டு. சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அண்ணன் அதற்கும் வாய் திறக்க மாட்டார். டோக்கனைக் கொடுப்பார், செருப்பை வாங்கி வைப்பார், மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

முன்பு அப்படி இல்லை. அண்ணி தமயந்தி இருந்தவரைக்கும் ஒரு செவலைப் பசுவை வைத்துக்கொண்டு கீழ்த்தெரு டீக்கடைகளுக்குப் பால் ஊற்றியவர். போகிற வழியெல்லாம் வம்பளப்பார். அண்ணி இறந்தபின் வந்த முதல் மாட்டுப் பொங்கலுக்கு, கோயம்புத்தூரில் இருக்கும் மகள் கயல்விழி வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். வரவில்லை. மனிதர் பழைய பழக்கத்தில் பெரிய பானையிலேயே பொங்கல் வைத்துவிட்டார். வீட்டில் தின்ன ஆள் ஏது? வெல்லத்தைப் போட்டுக் குழைத்து, மொத்தப் பானையையும் உருண்டை உருண்டையாகச் செவலைக்கே ஊட்டினார். "நீயாவது துன்னு" என்று சொல்லிச் சொல்லி ஊட்டியதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி நான், வேண்டாம் என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் விடியும்போது செவலையின் இடது வயிறு உப்பி, தட்டினால் தமுக்குபோலச் சத்தம் கேட்டது. மாட்டு டாக்டர் ஹேமநாதன் வந்து பார்த்தார். சோறும் வெல்லமும் மாட்டின் முதல் வயிற்றில் புளித்து அமிலமாகிவிட்டன, கூப்பிட்டது தாமதம் என்றார். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. காலில் கயிறு கட்டி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒன்றிரண்டு மாடாவது இப்படிப் போகிறது. ஆசையாக ஊட்டுகிறவனை யார் திட்டுவது? அதன்பின் அண்ணன் மாடு வாங்கவில்லை, இந்தச் செருப்புக் கொட்டகையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இதெல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்பு. போன ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த மறுவாரம், படிக்கட்டுக்கு எதிரே இருக்கும் அரசமரத்தில் ஒரு கொண்டமுச்சுக் குரங்கு வந்து உட்கார்ந்தது. கருத்த முகம், சாம்பல் உடம்பு, நீண்டு தொங்கும் வால். எங்கள் மலையில் சாதாரணக் குரங்குக்குப் பஞ்சமில்லை, பையைப் பிடுங்கும் பிசாசுகள். இது அந்த ரகமில்லை. நகரி மலைப்பக்கமிருந்து தனியாக வந்திருக்க வேண்டும். காலையில் இலையைப் பறித்துத் தின்னும். பிறகு வயிற்றைத் தள்ளிக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை யாரோ ஒரு அம்மாள் ஆஞ்சநேயர் தவம் இருக்கிறார் என்று கிளப்பிவிட்டாள். அவ்வளவுதான். மரத்துக்கு மஞ்சள் துணி, குங்குமம், கிளையில் வடைமாலை. மொட்டை போட்டுச் சந்தனம் பூசி இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் பழமும் சர்க்கரைப் பொங்கலும் பஞ்சாமிர்தமுமாக நீட்டினார்கள். முதல் வாரம் மோந்து பார்த்துவிட்டுப் போட்டுவிட்டது. அப்புறம் பழகிக்கொண்டது, இலையைத் திரும்பியே பார்க்கவில்லை. நான் மறைக்கப் போவதில்லை, அந்த வாழைப்பழம் முக்கால்வாசி என் கடையில் வாங்கியது.

சேட்டு அண்ணன் மட்டும் அதற்கு ஒரு கவளம் போட்டதில்லை. ஆனால் மதியச் சோற்றை அந்த மரத்தைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அது மேலே, இவர் கீழே. இரண்டு பேரும் வாய் பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

ஐப்பசியில் ஒருநாள் அவராகவே என் கடைக்கு வந்தார். நான்கைந்து மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"தேவகி, அதுக்கு எடது பக்கம் உப்பிகினு கீது. செவலைக்கும் இப்டித்தான் இருந்திச்சு. பழத்த நிறுத்தும்மா."

குரங்குக்கு வாழைப்பழம் ஆகாதாம்! நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, ஒரு பெண் நீட்டிய பொங்கல் தட்டை நடுவில் புகுந்து பிடுங்கிவிட்டார். கூட்டம் கூடிவிட்டது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, அண்ணன் என்ற மரியாதைகூடப் போய்விட்டது.

"ஒரு மாட்ட ஊட்டிக் கொன்னது பத்தாதா உனக்கு? இப்ப சாமிய பட்டினி போட்டுக் கொல்லப் பாக்கறியா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குள் போய்ச் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தார். சொன்ன வார்த்தையைத் திரும்ப விழுங்க முடியுமா? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கொண்டமுச்சு மரத்திலிருந்து இறங்கி வேரடியில் உட்கார்ந்துவிட்டது. வாயில் எச்சில் ஒழுகியது. மூச்சு விடும்போது முனகியது. சாமி இறங்கி வந்து அருள் தருகிறார் என்று கற்பூரம் ஏற்றினார்கள். சேட்டு அண்ணன் கொட்டகையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார். டாக்டர் ஹேமநாதனையும், வலையோடு இரண்டு வனத்துறை ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, யார் இதற்குப் பழம் போட்டது என்று கேட்டார். எல்லோரும் என் கடையைப் பார்த்தார்கள்.

வலை போட்டுப் பிடித்து, குழாய் விட்டுக் காற்றை இறக்கி, சோடா உப்புக் கரைசலை ஊற்றினார். ஊற்றிக்கொண்டே சொன்னார். மற்ற குரங்குக்கு நம்மைப்போல வயிறு ஒரே பையாக இருக்கும், இதற்கு அறை அறையாக இருக்கிறது. இலையின் நாரை நம்மாலும் செரிக்க முடியாது, இதனாலும் முடியாது. ஆனால் இதன் முன் வயிற்றில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவைதான் இலையை மெல்லப் புளிக்கவைத்து, நாரை உடைத்து, இதற்குச் சத்தாக்கிக் கொடுக்கும். அதற்கு நேரம் பிடிக்கும், அதனால்தான் தின்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஏறக்குறைய மாட்டு வயிறுதான், அசை மட்டும் போடாது. இனிப்பும் மாவும் போய்க் குவிந்தால் உள்ளே புளிப்பு ஏறிவிடும், இலையைச் செரிக்கிற உயிர்கள் செத்துப்போகும். அப்புறம் இலை தின்றாலும் பிரயோஜனமில்லை.

தவமாம் தவம்! மூன்று மாதமாக நாங்கள் விழுந்து கும்பிட்டது இலை செரித்துக்கொண்டிருந்த ஒரு வயிற்றை. ஒரு கிழவன் மாட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டது எங்கள் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லையே!

கொட்டகைக்குப் பின்னால் கூண்டு வைத்தார்கள். பிழைக்குமா என்று கேட்டதற்கு, இலை தின்று வெளிக்குப் போனால் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். அரச இலை, புளிய இலை, வாகை இலை என்று அண்ணன் ஒடித்து வந்து போட்டபடியே இருந்தார். இரண்டு நாள் அது தொடவில்லை. மூன்றாம் நாள் காலை நான் கடை திறக்கும்போது அவர் கூண்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"புழுக்க போட்டுச்சு, தேவகி," என்றார். அண்ணி போனபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கூண்டைத் திறந்ததும் அது மரத்தில் ஏறிக்கொண்டது. அன்றிலிருந்து அண்ணன் கையில் ஒரு குச்சியோடு மரத்தடியில் காவல். பழம் கொண்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவார். கொண்டமுச்சுக்கு அதில் ரொம்பக் கோபம், அவர் தலையைக் கண்டாலே பல்லைக் காட்டி உறுமும். ஜனங்களும் உறுமினார்கள். சிலர் வேண்டுமென்றே அவரிடம் செருப்பு விடாமல் எதிர்க்கடையில் விட்டுப் போனார்கள். அந்த இரண்டு மாதமும் அவர் பக்கம் நின்று பேச ஒரு ஆள் இல்லை. நான் பழத்தாரைக் கடைக்குள்ளே தள்ளி மாட்டினேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

மார்கழி கடைசியில் ஒருநாள் மரம் காலியாக இருந்தது. ரயில் பாதையைத் தாண்டி நகரிப் பக்கம் போனதைப் பால்காரர் ஒருவர் பார்த்ததாகச் சொன்னார். சேட்டு ஆஞ்சநேயரைத் துரத்திவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. அண்ணன் குச்சியைக் கொட்டகையின் கூரையில் செருகிவிட்டு, பழையபடி சுவரைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

இந்த மாட்டுப் பொங்கலன்று ஒரு தூக்கில் பொங்கல் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மாடே இல்லாத தொழுவத்தைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார். கயல்விழி போனில் பேசினாள் என்றார், வரவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். அன்று நான் அப்படிச் சொன்னது தப்பு என்று ஆரம்பித்தேன். கையை ஆட்டி நிறுத்திவிட்டார்.

"அந்தக் கொரங்க அவ்ளோ பாத்துக்கினீங்களே அண்ணா, ஒரு தபா திரும்பிக்கூடப் பாக்காம போச்சே. வருத்தமா இல்லியா?"

தொழுவத்தைக் கையால் காட்டினார்.

"இல்லாம இன்னா? கீது. ஆனா செவலைய நாலு பேரு கயிறு கட்டி இழுத்துகினு போனாங்க. இது நடந்து போச்சு, தேவகி."

தூக்கைத் திறந்து கொஞ்சம் சாப்பிட்டார். பாதி மீந்துவிட்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, பழைய பழக்கத்தில் எழுந்து தொழுவத்துத் தொட்டிவரைக்கும் போய்விட்டார். அங்கே நின்றார். பிறகு திரும்பி வந்து தூக்கை என் முன்னால் வைத்தார்.

"நீயாவது துன்னு," என்றார்.

என் வீட்டில் விருந்தாளிகள் காத்திருந்தார்கள். இருக்கட்டும் என்று நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.