காசிராஜன் டிஸ்க்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் காசிராஜனுக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே பிடிவாதம். ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரே கம்பெனிதான். கம்பெனிப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. "காசிராஜன் டிஸ்க்" என்றே கேட்டு வாங்கினார்கள்.

கடை திறந்த புதிதில் வேறொரு கம்பெனியின் டிஸ்க்கை விற்று, பத்தில் நான்கு திரும்பி வந்து, வாங்கியவர்களிடம் நன்றாக ஏச்சு வாங்கினார். அத்தோடு அதை ஒதுக்கிவிட்டார். ராயகிரியிலிருந்து யாராவது வந்து விலை குறைவென்று அதைக் கேட்டால், மதுரையில் போய் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுவார். வியாபாரிக்கு இவ்வளவு வீம்பு ஆகாது. ஆனால் அந்த வீம்பை நம்பித்தான் ஆட்கள் மாடி ஏறினார்கள்.

அப்போது ஏழெட்டுக் கம்பெனிகள் இருந்தன. ஒன்றை ஒன்று வாங்கி, இப்போது உலகத்துக்கே மூன்றுதான். அதில் கொடுமை, அவர் ஒதுக்கிய கம்பெனியே அவர் நம்பிய கம்பெனியை வாங்கிவிட்டது. மதுரை டீலர் போனில் சொன்ன அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் டிஸ்க்கில் பழைய பெயர்தான் அச்சாகி வந்தது. அவரும் விற்றுக்கொண்டே இருந்தார். மறைக்க வேண்டுமென்று இல்லை. முதலிலிருந்து யோசிக்க அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

ஸ்டுடியோ வைத்திருக்கும் செல்வக்குமார் கல்யாண வீடியோக்களை இரண்டு பிரதி வைப்பான். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கம்பெனி டிஸ்க்கில் வைக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டான். நல்லது இருக்கும்போது கண்டதை எதற்கு வாங்க வேண்டும் என்று காசிராஜன் ஒரே பெட்டியிலிருந்து இரண்டு டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார்.

ஒன்றாகத் தயாராகி வந்தவை என்பதால், போன வைகாசியில் இரண்டும் ஒரே கோளாறில் ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. ஆறு கல்யாணம் போயிற்று. அதில் ஒன்று குருவிகுளத்துக் கல்யாணம். கல்யாணப் பெண்ணின் அப்பா கல்யாணம் முடிந்த இருபதாம் நாள் இறந்துபோனார். அவர் நடமாடுகிற வீடியோ அது ஒன்றுதான். வீடியோவை மீட்க முடியுமா என்று காசிராஜன் டிஸ்க்குகளைத் தூக்கிக்கொண்டு சென்னை வரை போய் வெறுங்கையோடு திரும்பினார். செல்வக்குமாரோ குருவிகுளத்துக்குப் போய், தன் கவனக்குறைவுதான் என்று சொல்லி, அந்தப் பெண் அழுததை நின்று பார்த்துவிட்டு வந்திருந்தான். காசிராஜனின் பேரையே அவன் எடுக்கவில்லை.

மறுவாரம் அவன் கடைக்கு வந்தான்.

"ரெண்டு டிஸ்க் வேணும் அண்ணாச்சி. நீங்க எதச் சொல்லுதியளோ, அதையே வாங்கிக்கிடுதேன்."

சட்டையைப் பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"ரெண்டையும் வேற வேற கம்பெனில வாங்கு மக்கா. நான் சொன்னேம்னு இனி எதையும் வாங்காத. நான் நம்புன கம்பெனி போயி ரொம்ப வருசமாச்சு. ஒங்கிட்ட சொல்லாம இருந்துட்டேன்."

செல்வக்குமார் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனான். இப்போதும் எது நல்ல டிஸ்க் என்று கேட்டு ஆட்கள் வருகிறார்கள். தெரியாது என்கிறார் காசிராஜன்.