பால் சொசைட்டிக்குப் பறந்த விரிப்பு

தமிழும் மலையாளமும் கலந்து புழங்குகிற எலப்புள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் நல்ல சேதி சொல்ல ஒரு முறை இருக்கிறது. யாருடைய சேதியோ அவர்களே காலையில் சர்க்கரை டப்பாவோடு பால் சொசைட்டிக்கு வரவேண்டும். பால் ஊற்ற நிற்கிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிட்டிகை வைத்து, தன் வாயாலேயே சொல்லவேண்டும். மகனுக்கு வேலை கிடைத்தாலும் சரி, மாடு கிடாரிக்கன்று போட்டாலும் சரி. முறை என்னவோ நல்ல முறைதான். ஆனால் எங்கள் ஆட்களுக்கு வாய் சும்மா இருக்காது. டப்பா வருவதற்குள் சேதி வந்து உட்கார்ந்திருக்கும்.

நான் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவள். ஒரு வீட்டில் வரன் முடிவானால் ஜோசியருக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருவார்களே. தைத்து மிஞ்சுகிற வெட்டுத்துணியை எறியமாட்டேன். புதுமனைக்குத் தைத்த மாம்பழ மஞ்சள், வளைகாப்புப் பச்சை, ஓணத்துக் கசவு ஜரிகை என்று மூட்டையாகக் கட்டி வைத்திருப்பேன். மனசு சரியில்லாத நாளில் அதை அவிழ்த்துத் தரையில் பரப்புவேன். சேரவே சேராது என்று நினைத்த இரண்டு துண்டுகளை ஒட்டி ஒரு தையல் ஓட்டியதும் ஒன்று மற்றொன்றை எடுப்பாகக் காட்டும். அந்தச் சந்தோஷத்தில் நான் சாப்பாட்டை மறந்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் மறந்ததில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவன் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறான். முன்பு இரண்டு முறை அவள் உண்டானாள். இரண்டு முறையும் அவள் சொல்லுமுன் தெரு சொல்லிவிட்டது. இரண்டு முறையும் தங்கவில்லை. வாழ்த்தியவர்களே துக்கம் கேட்க வந்து நின்றபோது கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குத் தெருவின் மேலேயே கோபமாக வந்தது. மூன்றாவது முறை, பின்பக்கச் சுவரோரம் என்னிடம் மட்டும் வந்து நின்றாள்.

“அதுதானுங்க்கா, மறுபடியும்” என்றாள். குழந்தை என்ற வார்த்தையை எடுக்கக்கூட அவளுக்குப் பயம். “இந்தத் தடவ நானாத்தானுங்க சொல்லோணும். எனக்குத் தகிரியம் வர்ற வரைக்கும் ஆருக்கும் தெரியக்கூடாதுங்க.”

“நாஞ் சொல்லமாட்டேன் அம்மிணி. நீ பயப்படாம இரு” என்றேன்.

வாயை அடக்கிவிட்டேன். கையை அடக்க முடியவில்லை. நல்லது நடந்த வீட்டுத் துணியாகப் பொறுக்கி, கைக்குழந்தை படுக்கிற அளவுக்கு ஒரு விரிப்பு தைத்தேன். புதுத்துணியின் கஞ்சி பிஞ்சு உடம்பில் உறுத்தும் என்று அலசிப் பின்பக்கக் கொடியில் போட்டேன். மார்கழிக் காற்று பற்றித் தெரிந்தும் இரண்டே கிளிப்புதான் போட்டேன். கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றுக்கு எங்கள் ஊரில் கூரை ஓலையே தப்பாது, விரிப்பா தப்பும்?

மறுநாள் காலை சொசைட்டிக்குப் போனால், வேலியில் கிடந்தது என்று அது கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது.

“இது என்ற மக கல்யாணத்துச் சாக்கெட்டுத் துணியல்லோ” என்றாள் எருமைக்காரி. அவளுக்கு எட்டு ஊருக்குக் கேட்கிற குரல். ஆளாளுக்குத் தங்கள் துண்டைத் தேடிக் கண்டுபிடித்துப் பெருமைப்பட்டார்கள். யார் தைத்தது என்று கேட்கவேண்டிய தேவையே இல்லை. “செரி, இத்தினியூண்டு விரிப்பு ஆரு ஊட்டுக் கொழந்தைக்கு?” என்றாள் அவளே. எல்லாத் தலையும் பக்கத்து வீட்டுப் பெண் பக்கம் திரும்பத் தொடங்கியது. அவள் பால் தூக்குப்போசியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எனக்குத்தான்” என்றேன்.

சொந்தக்காரக் குழந்தைக்கு என்று சொல்லியிருக்கலாம். என் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் அந்த வரிசையிலேயே நின்றிருந்தார்கள். மகன் கோயம்புத்தூரில் கல்லூரி படிக்கிறான். எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது. எருமைக்காரி என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

வீட்டுக்காரர் வயலிலிருந்து மண்வெட்டியோடு ஓடி வந்தார். “ஏம்புள்ள, ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்குது, எனக்குத் தெரியலையே?” விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். மறுநாளிலிருந்து மீசையை முறுக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். மகன் போன் போட்டு, “அம்மா, நெசமா?” என்றான். அவன் வாய் ஊரறிந்தது. அதனால், “வந்து பாரு” என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒரே உபசாரம்தான். மாங்காய், புளியங்காய், நெல்லிக்காய். எல்லாம் சுவர் தாண்டி, உண்மையாகவே வாய் ஊறியவளுக்குப் போயின. விரிப்பும் கூடவே போயிற்று. வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளைக் கவனிக்கிற சுகாதாரப் பணிக்காரி ஆசா சேச்சிக்கு உண்மை தெரியும். ஆனாலும் கூட்டத்துக்கு நடுவில் என் கையைப் பிடித்துப் பார்த்து, “நல்லோணம் ரெஸ்ட் எடுக்கணும், கேட்டோ” என்றாள் முகம் மாறாமல். சிரிப்பை அடக்கியதில் எனக்கு நெஞ்சே வலித்தது.

மாசியில் ஒரு காலை. பக்கத்து வீட்டுப் பெண் சொசைட்டிக்கு வந்தாள். தோளில் என் விரிப்பு, கையில் சர்க்கரை டப்பா.

“இது எனக்குத் தெச்சதுங்க” என்றாள் எல்லோரையும் பார்த்து. “உள்ளார ஒதைக்குதுங்க.”

பால் அளக்கிறவர்கூட அளவையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். எருமைக்காரி அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அப்ப நாங் குடுத்த மாங்கா?”

“அவதான் தின்னா” என்றேன். அங்கே எழுந்த சிரிப்பில் கட்டியிருந்த கன்றுகள் மிரண்டன. எருமைக்காரி சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒவ்வொரு கையாகச் சர்க்கரை வைத்துக்கொண்டு கடைசியில் என்னிடம் வந்தாள்.

“எனக்கு எதுக்கு அம்மிணி? எனக்குத்தான் தெரியுமே.”

“இருந்தாலும் சொல்லோணுமுங்க” என்று என் உள்ளங்கையில் சர்க்கரையை வைத்தாள். “எனக்குக் கொழந்தை பொறக்கப் போவுதுங்க்கா.”

“அப்படியா அம்மிணி?” என்றேன்.