மஞ்சள் கதவு வீட்டுக் குறிப்பு

என் மனைவி தூக்கத்தில் பேசுவாள். எல்லாம் ஆபீஸ் வேலைதான். "மாடி வீட்டுப் பெரியவர்... வலது பக்கமா நின்னு பேசுங்க, இடது காது கேக்காது... ஆஸ்பிரின் ஆகாது." நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். இருபத்திரண்டு வருஷத்தில், யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பது பஸ் ஓட்டிப் பிழைத்த எனக்கே அத்துப்படி ஆகிவிட்டது. வெளியே வாயைத் திறந்ததில்லை.

கிளினிக்கில் நோயாளிகளின் ரெக்கார்டு அவள் பொறுப்பு. கிளினிக் பூட்டிய பிறகும் ஞாயிற்றுக்கிழமையும், முன்பின் தெரியாத டியூட்டி நர்ஸ்தான் வீட்டுக்கு வருவார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்களின் விவரம் மட்டும் அவருடைய லேப்டாப்பில் தெரியும். அந்தக் கையெழுத்துக்காக இவள் ஊரையே படுத்தி எடுப்பாள். "என் சமாச்சாரம் கண்டவனுக்கும் எதுக்கும்மா?" என்று முரண்டு பிடித்த தையல்காரரை, நாலு தடவை நடந்துபோய் வழிக்குக் கொண்டுவந்தாள்.

படிவத்தின் கடைசிக் கட்டம், வீட்டுக்கு வரும் நர்ஸுக்கான குறிப்பு. மற்ற கிளினிக்குகளில் அதைக் காலியாக விடுவார்கள். இவள் விடமாட்டாள். 'மணி வேலை செய்யாது, பின்வாசலில் தட்டவும்.' 'நாய் குரைக்கும், கடிக்காது.'

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் அவளுக்குக் காலில் வீக்கம், அனலாய்க் காய்ச்சல். திரைச்சீலை அசைய அசைய, வெயில் தண்ணீர் போலச் சுவரில் ஓடியது. அவள் கண் திறக்காமல் யார் யார் வீட்டுக் குறிப்பையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் எதுவும் நிஜமாகத் தோன்றவில்லை.

டியூட்டி நர்ஸ் வந்து லேப்டாப்பைத் திறந்தார். 'பகிரச் சம்மதம் இல்லை' என்றது திரை. கிளினிக் ரெக்கார்டே இவள் பொறுப்புதான் என்றேன்.

"அந்தக் குறிப்பெல்லாம் எழுதுறது இவங்கதானா? அதை வச்சுத்தான் நாங்க வீடே கண்டுபிடிக்கிறோம்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊருக்கெல்லாம் எழுதியவள் தனக்கு ஒரு வரி எழுதவில்லை.

டாக்டர் போனில் பென்சிலின் ஊசி போடச் சொன்னார். "இவங்களுக்கு ஆகாத மருந்து ஏதாவது இருக்காங்க ஐயா?" என்று நர்ஸ் என்னைக் கேட்டார்.

முந்நூறு பேருக்கு ஆகாதது எனக்குத் தெரியும், கட்டிய மனைவிக்கு எது ஆகாது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"ஆகாததைப் போட்டுட்டா உயிருக்கே ஆபத்து. போடாம காத்திருக்கவும் முடியாது. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும்" என்றார் நர்ஸ்.

நான் அவளை உலுக்கினேன். "ஏம்மா, உனக்கு எந்த மருந்து ஆகாது?"

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. நீங்க சாப்பிடுங்க."

மறுபடியும் முணுமுணுப்பு. சட்டென்று எனக்கு ஒன்று தோன்றியது. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"வணக்கம் மேடம். டியூட்டியிலேருந்து பேசுறோம். மஞ்சள் கதவு வீடு, பஸ் டிரைவர் மனைவி. அவங்களுக்கு என்ன மருந்து ஆகாது?"

அவள் விரல்கள் போர்வைமேல் எதையோ புரட்டின.

"பென்சிலின்" என்றாள், ஆபீஸ் குரலில். "போட்டுடாதீங்க சிஸ்டர். சின்ன வயசுல ஒரு தடவை போட்டு மூச்சே நின்னுபோச்சு. அவங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க, பயந்துடுவாரு."

நர்ஸ் ஊசியை மூடி வைத்துவிட்டு மறுபடி டாக்டருக்குப் போன் செய்தார். மருந்து மாறியது. நான் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

புதன்கிழமை அவள் எழுந்து உட்கார்ந்ததும் படிவத்தை நீட்டினேன். "நான்தான் அங்கயே இருக்கேனே, எனக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்" என்று அசடு வழிந்தபடி கையெழுத்துப் போட்டாள். கடைசிக் கட்டத்தை நான் நிரப்பினேன்: 'கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். நம்ப வேண்டாம், திரும்பக் கேட்கவும். கணவனிடம் எதையும் சொல்லலாம். பயப்பட மாட்டான்.'

அவள் படித்தாள். பேனாவை வாங்கிக் கடைசி இரண்டு வார்த்தைகளை அடித்துவிட்டு எழுதினாள்: 'பயப்படுவார். இருந்தாலும் சொல்லவும்.'