நெஞ்சுச் சளியும் பார்வை நேரமும்

அப்பா வாயில் குழாயோடு வெண்டிலேட்டரில் கிடந்தபோது, அலங்காநல்லூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து வேன் வைத்துப் பார்க்க வந்தார்கள். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பை சாத்துக்குடி. மெஷின் தயவில் மூச்சு விடுகிறவர் சாத்துக்குடியை எந்த வாயால் தின்பார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. வெறுங்கையோடு வந்தால் மரியாதை இல்லையே.

அப்பாவால் இரும முடியாது. அதனால் தினமும் மாலையில் பிசியோதெரபிஸ்ட் பெண் வந்து, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கையைக் குவித்து முதுகில் தட்டுவார். இளகி வரும் சளியை நர்ஸ் மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பார். அது முடியும்வரை திரை போட்டுவிடுவார்கள், யாரும் பார்க்க முடியாது. பார்வை நேரமும் அதே மாலைதான்.

சித்தப்பா இதற்கு வழி கண்டுபிடித்தார். கல்யாண மண்டப வாசலில் நிற்பவரைப் போல நின்றுகொண்டு, ஊர்க்காரர்கள் முதலில் பார்க்கட்டும், பிறகு தட்டிக்கொள்ளலாம் என்று அந்தப் பெண்ணைக் கும்பிட்டே திருப்பி அனுப்பினார். அந்தப் பெண்ணும் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒரு வேன் ஆட்களும் சேர்ந்து பேசினால் யார் காதில் விழும்? ஊர்க்காரர்கள் பார்த்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் வேலை நேரம் முடிந்துவிடும். மறுநாளும் அதே கூத்து. நான் பசுமலையில் பள்ளிக்கூட வேலை முடிந்து வருவதற்குள், பார்த்தவர்கள் எல்லாம் ‘நல்லாத் தூங்குறாக’ என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுக் கேன்டீனில் போண்டா தின்றுகொண்டிருப்பார்கள்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். நுரையீரலில் சளி கெட்டியாக அடைத்திருக்கிறது, ஆக்சிஜன் இறங்குகிறது, இப்படியே விட்டால் காப்பாற்றுவது கஷ்டம் என்றார். எனக்குப் பயம் பாதி, ஆத்திரம் பாதி.

லீவு போட்டுவிட்டு ஐசியூ வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சித்தப்பா அன்றும் ஆட்களோடு வந்தார்.

“உன் தம்பியோட மாமனார் வீட்டு ஆளுக வந்திருக்காக. ஒரு எட்டு பாத்துட்டுப் போகட்டும். இல்லாட்டி நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கு நாளைக்கு எவன் வருவான்?”

“கெட்டதுக்கு இப்பவே ஆள் சேக்குறீகளா சித்தப்பா?”

அவர் முகம் செத்துப்போய்விட்டது. சம்பந்தி வீட்டார் சாத்துக்குடியோடு அப்படியே வேன் ஏறினார்கள். உள்ளே திரைக்குப் பின்னால் தட்டுகிற சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

சளி குறைந்து, குழாயை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அப்பாவுக்குக் குரல் வந்தது. என் கையைப் பிடித்து இழுத்தார். மகளைப் பற்றி ஏதோ நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று ஆசையாகக் குனிந்தேன்.

“சம்பந்தி வீட்ல இருந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கலையா தாயி?” என்றார்.