இருபத்தாறாவது மைலில் கழற்றிய ஜாக்கெட்

காசநோய் மாத்திரைகளை விழுங்கி முடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்த ஜனவரியில், முப்பத்தைந்து மைல் ஓட்டப் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லண்டனின் வடக்கு ஓரத்தில் தொடங்கி, காடுகளுக்கும் பண்ணை நிலங்களுக்கும் ஊடாகச் சுற்றி வரும் பாதை. மனைவியிடம் பதினைந்து மைல் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

ஆஸ்பத்திரித் தனியறையில் நான் கிடந்த வாரங்களில், முகமூடி கட்டிக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்தவள் அவள். ரெய்னர்ஸ் லேன் வீட்டுப் படிகளில் ஏறும்போது பாதியில் மூச்சிரைத்து நான் உட்கார்ந்துவிடுவதைப் பார்த்தவள். நோய் தணிந்த பிறகு நடக்கத் தொடங்கினேன். நடை ஓட்டமானது. ஓட்டம் வெறியானது.

"உந்தக் குளிருக்குள்ள பதினைஞ்சு மைலோ? டொக்டரிட்டக் கேட்டனீங்களோ?"

"ஓம், கேட்டனான். நெஞ்சு சுகம் எண்டுதான் சொன்னவர். நீர் யோசியாதேயும்."

டொக்டரிடமும் தூரத்தைக் குறைத்துத்தான் சொல்லியிருந்தேன்.

வழி விவரம் அச்சடித்த தாளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஓடினோம். இருபது மைல் வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு மழையும் பனியும் கலந்து கொட்டத் தொடங்கியது. கையுறை ஊறிப்போனது. விரல்கள் மரத்து, பிஸ்கட் உறையைப் பல்லால்தான் கிழிக்க முடிந்தது. பற்கள் கிடுகிடுக்க ஓடினேன்.

இருபத்தாறாவது மைலை ஒட்டி, ஒரு காட்டுக்குள் நடுக்கம் சட்டென்று நின்றது. உடம்பெல்லாம் இதமான சூடு பரவியது. குளிரை வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அப்படியொரு சந்தோஷம். கையுறைகளைக் கழற்றிப் போட்டேன். தொப்பியையும் எடுத்தேன். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றி ஒரு வேலிக் கம்பத்தில் கொளுவிவிட்டு நடந்தேன்.

பின்னால் ஒரு குரல் கூப்பிட்டது. நரைத்த தலையுடன், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண். அவளும் போட்டியில் ஓடுபவள்தான். என் ஜாக்கெட்டும் தொப்பியும் அவள் கையில் இருந்தன. போடச் சொன்னாள். வெக்கையாக இருக்கிறது, வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து என் கண்ணுக்கு நேரே தூக்கினாள். நகங்கள் நீலமாக இருந்தன. அவள் பிடித்திருந்ததே எனக்குத் தெரியவில்லை.

எங்கே வீடு என்று கேட்டாள். சொன்னேன். வீட்டில் யார் என்று கேட்டாள். மனைவி என்றேன்.

அவளுடைய பெயர் என்ன?

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. முகம் வந்தது. முகமூடிக்கு மேலே தெரிந்த கண்கள் வந்தன. பெயர் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. பதினொரு வருடம் கூப்பிட்ட பெயர். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அந்தப் பெண்ணே எனக்கு ஜாக்கெட்டை மாட்டி, தன் பையில் இருந்த உலர்ந்த கையுறைகளையும் தந்தாள். உடம்பு உறையத் தொடங்கினால் மூளைக்குச் சூடாகத் தெரியும் என்றும், மலைகளில் அப்படி உடுப்பைக் கழற்றியவர்களைக் கண்டிருப்பதாகவும் நடந்தபடியே சொன்னாள். காய்ச்சல் கொதித்த நாட்களில் மூன்று போர்வைக்குள் நான் குளிரில் நடுங்கியது நினைவுக்கு வந்தது. இதே உடம்புதான். இதை நம்பித்தான் ஓட வந்திருந்தேன்.

என்னை ஒரு மைல் தாங்கி நடத்தி, ஓடுபவர்கள் இளைப்பாறும் அடுத்த நிறுத்தமான தேவாலய மண்டபத்தில் ஒப்படைத்துவிட்டு, அவள் மறுபடி மழைக்குள் ஓடினாள். கம்பளிகளுக்குள் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது பெயர் திரும்பி வந்தது. உரக்கச் சொல்லிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தொலைபேசியில் அழைத்ததும் மனைவி காரில் வந்தாள். சுவரில் ஒட்டியிருந்த போட்டிப் பாதை வரைபடத்தின் முன் நின்று தூரத்தை வாசித்தாள்.

"பதினைஞ்சு எண்டனீங்கள்."

"பொய் சொல்லிப்போட்டன்." பிறகு மற்றதையும் சொன்னேன். "காட்டுக்குள்ள உம்மட பேர் எனக்கு மறந்து போச்சு."

அவள் கம்பளியின் ஓரத்தை இழுத்து என் தோளை மூடினாள்.

"எழும்ப ஏலுமோ?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போய், முப்பத்தைந்து மைல் என்று தானே சொன்னாள். அடுத்த குளிர்காலத்தில் அதே போட்டியை ஒன்பது மணித்தியாலத்தில் முடித்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் வந்து நின்று, என் கையுறையைக் கழற்றி நகங்களைப் பார்த்தாள்.